ஒரு சாண் பாய்

பத்தமடைக்குப் போகவேண்டும் என்று பதின்மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். "அதற்கென்ன, கூப்பிடு தூரம்தானே! போனால் போயிற்று" என்று இவரும் பதின்மூன்று வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கே உள்ள துரதிர்ஷ்டம் இது. காசிக்கும் காஷ்மீருக்கும் மூட்டை கட்டுகிறவர்கள், இருபது கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்குப் போகமாட்டார்கள்.

கடைசியில் எங்களைப் பத்தமடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் எங்கள் சின்னவன். அதற்கு அவன் உபயோகித்த சாதனம் ஒரு கத்தரிக்கோல்.

காலாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து குழந்தைகளை அழைத்துக்கொண்டு, திருநெல்வேலி டவுனில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தோம். விடுமுறை என்பது பிள்ளைகளுக்குத்தான். பள்ளிக்கூடத்துக்கு இல்லை போலிருக்கிறது. "வீணான பொருள்களைக் கொண்டு ஒரு கைவேலை செய்து வரவும்" என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். இந்த மாதிரி வீட்டுப்பாடங்களைச் செய்வது பிள்ளைகளா, தாய்மார்களா என்பது உங்களுக்கே தெரியும். நான் இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "நான் தொடமாட்டேன். நீயே யோசித்து, நீயே செய்!"

அவனும் யோசித்தான்.

சாயங்காலம் நான் கூடத்துக்கு வந்தபோது, அங்கே ஒரு குடிசை நின்றது. அட்டைப் பெட்டியில் சுவர், ஐஸ் குச்சியில் வேலி. இதெல்லாம் வழக்கமானதுதான். ஆனால் கூரை! பொன்னிறம்; பட்டுப் போல வழவழப்பு; ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. போதாக்குறைக்கு வாசல் நிலைக்கு நேர் மேலே "74" என்று அழகாக ஓர் எண்.

"அட, கதவு எண் கூடப் போட்டிருக்கிறாயே!" என்று நான் பாராட்டினேன். பாராட்டியதை இப்போது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. "இவ்வளவு நல்ல கூரை எங்கேயடா கிடைத்தது?"

"ஆச்சி பெட்டியிலே ஒரு பழைய பாய் இருந்திச்சும்மா. யாருமே அதுலே படுக்கிறதில்லை."

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேக்கு மரப் பெட்டியில், வெள்ளை வேஷ்டி சுற்றி வைத்திருந்த பாய் அது. 1974-ஆம் வருஷம் என் மாமனார், மாமியார் கல்யாணத்துக்காகப் பத்தமடையில் சொல்லி நெய்த பட்டுப் பாய். ஒரு பக்கம் மாமனார் பெயர். மறு பக்கம் மாமியார் பெயர். கீழ் ஓரத்தில் வருஷம். மாமனார் காலமாகி ஒன்பது வருஷமாகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் அத்தை அந்தப் பாயை எடுத்து நிழலில் விரித்துக் காற்றாட வைப்பார். துடைத்து மறுபடி சுருட்டி வைப்பார். இப்போது அதன் கீழ் மூலையில் சாண் நீளம், சாண் அகலத்துக்கு ஓர் ஓட்டை. "1974" என்று இருந்த இடத்தில் "19" மட்டும் பாக்கி இருந்தது. மிச்சம் குடிசையின் மேல் இருந்தது.

அத்தை சத்தம் போட்டிருந்தால் தேவலை. ஒன்றும் சொல்லவில்லை. பாயை மடியில் போட்டுக்கொண்டு வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்றார். அவ்வளவுதான். ராத்திரி, பசியில்லை என்று படுத்துவிட்டார். சின்னவன் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "ஒட்டிவிடலாமா அம்மா?" என்று நாலு தடவை கேட்டான்.

மறுநாள் காலை வாடகைக் கார் வந்து வாசலில் நின்றது. "எனக்கு மூட்டு வலி, நான் வரலை, நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார் அத்தை. நாங்கள் பிள்ளைகளுக்குத் தலை வாரி, கட்டுச்சோற்றுத் தூக்குகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், காரின் முன் ஸீட்டில் மடியில் பாய்ச் சுருளோடு அவர்தான் முதலில் உட்கார்ந்திருந்தார்.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே போகிற இந்தப் பாதை கண்ணுக்குக் குளிர்ச்சியானது. தாமிரபரணியைத் தாண்டி, முன்னீர்ப்பள்ளம் வழியாகப் போகும்போது இரண்டு பக்கமும் வாழைத் தோட்டங்கள். சில வயல்களில் கார் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுத்த வயலில் கொக்குகள். தூரத்தில் பொதிகை மலை. போகப் போக மலை நம்மை நோக்கி வருவது போலிருக்கும். கார் வேகமாகப் போகாமல் இருந்தால் நல்லது என்று நினைக்க வைக்கிற சாலை. ஆனால் அன்று நான் மலையைப் பார்க்கவில்லை. முன் ஸீட்டில் இருந்த அத்தையின் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன்.

பத்தமடை பெரிய ஊர் அல்ல. ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்தது இங்கேதான். ஆனால் ஊரின் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது பாய்தான். 1953-ல் இங்கிலாந்தில் இரண்டாம் எலிசபெத் ராணி முடி சூட்டிக்கொண்டபோது இந்த ஊர்ப் பாய் பரிசாகப் போயிற்று என்று கடைக்குக் கடை சொல்லுகிறார்கள். "ராணி அதுலே படுத்தாளாமா, இல்லை அவளும் பெட்டியிலே வச்சுட்டாளா?" என்று அத்தை கேட்டார். காரில் ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஒரு கடையில் பாயைப் பிரித்துக் காட்டினோம். கடைக்காரர் உருப்படியைப் பார்த்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இதுக்குக் கடைக்கு வந்து பிரயோசனம் இல்லைம்மா, தறிக்குத்தான் போகணும்" என்று சொல்லி, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு வழி காட்டினார்.

இங்கே பாய் நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள். தறியில் உட்காருகிறவர்கள் பெண்கள். நாங்கள் போன வீட்டு அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். வாசலில் நின்ற ஐந்து பேரையும் பார்த்து, யார், எவர் என்று கேட்காமல், "வெயில்லே நிக்காதீங்க, உள்ளே வாங்க" என்றார். பாயைப் பார்த்ததும் அவருடைய கை முதலில் போனது பெயருக்கோ பூவுக்கோ அல்ல, வெட்டுப்பட்ட ஓரத்துக்கு.

"யாரு வெட்டினது?"

சின்னவன் என் சேலைக்குப் பின்னால் போய்விட்டான்.

"நீதானா? நல்லா நேராத்தான் வெட்டியிருக்கே!" என்று சிரித்தார் அந்த அம்மாள். "முதல்லே நூலைக் கட்டணும். இல்லேன்னா கோரை ஒவ்வொண்ணா உதிர்ந்துரும்." பேசிக்கொண்டே, வெட்டுப்பட்ட பருத்தி இழைகளை இரண்டிரண்டாக எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார். வைத்தியரிடம் போனால் நாம் விவரம் சொல்லி முடிப்பதற்குள் நாடியைப் பிடித்துவிடுவாரே, அப்படி!

தறி என்றதும் நான் காஞ்சிபுரத்துத் தறியைப் போல ஏதோ பெரிதாக எதிர்பார்த்தேன். இது தரையோடு தரையாக இருக்கிறது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே பருத்தி நூலை நெருக்கமாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதுதான் பாவு. ஊடை, கோரை. நீளமான ஒரு குச்சியின் நுனியில் கோரையை மாட்டி, ஒருவர் பாவு இழைகளுக்கு நடுவே செலுத்துகிறார். இன்னொருவர் மர அச்சை இழுத்து அதை நெருக்குகிறார். "டக்" என்று ஒரு சத்தம். ஒரு கோரை ஏறிவிட்டது. மறுபடி குச்சி, மறுபடி "டக்." நெய்வதற்கு ஏற, நெய்கிறவர்களும் தரையில் நகர்ந்துகொண்டே போகவேண்டும்.

ஆனால் இது கடைசி வேலை. இதற்கு முன்னால் இருக்கிற வேலைதான் நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாது. ஆற்றோரத்திலும் ஈரத் தரையிலும் வளருகிற கோரையைப் பச்சையாக அறுத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். பிறகு அதைக் கிழிக்கவேண்டும். உள்ளே இருக்கும் சோற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேல் தோலை மட்டும் மெல்லிய இழையாக வகிரவேண்டும். அதைக் கட்டுக்கட்டாக ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப் போட்டு, எடுத்து, மறுபடி உலர்த்துகிறார்கள்.

"ஏன், வீட்டுத் தொட்டியிலே ஊறப் போட்டால் ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஆறும் வாய்க்காலும் எதுக்கும்மா இருக்கு? ஓடுத தண்ணியிலே கிடந்தாத்தான் இந்த நிறமும் வழவழப்பும் வரும். கிடைத் தண்ணியிலே போட்டா நாறிப் போகும்" என்றார் அந்த அம்மாள். சிவப்பு இழைக்கு முன்பெல்லாம் பதிமுகக் கட்டையைக் காய்ச்சிச் சாயம் எடுப்பார்களாம். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்தான். கோரையும் இந்த ஆற்றங்கரையில் முன்போல் கிடைப்பதில்லை. கரூர், முசிறிப் பக்கத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறார்கள்.

கோரையை எவ்வளவு மெல்லியதாக வகிர்கிறார்களோ அவ்வளவு உயர்ந்த பாய். 100, 120, 140 என்று எண் சொல்லிப் பாயைத் தரம் பிரிக்கிறார்கள். சாதாரணப் பாயையும் உயர்ந்த ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கள் கைகளில் கொடுத்தார். இரண்டும் ஒரே புல் என்று யாராவது சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். உயர்ந்த ரகத்தைத் துணி மாதிரி மடிக்கலாம். அதனால்தான் பட்டுப் பாய் என்று பெயர். பட்டு நூல் சேர்ப்பதால் அல்ல. இத்தனை நாள் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது நிற்க. சின்னவன் மெல்ல என் சேலையை விட்டுத் தறியருகே போய்விட்டான். "நீயும் கொஞ்சம் ஓட்டுதியா?" என்று அந்த அம்மாள் அவனை உட்கார வைத்தார். குச்சியில் கோரையை மாட்டிக் கொடுத்தார். முதல் தடவை கோரை பாதி வழியில் நழுவிவிட்டது. இரண்டாம் தடவை முறிந்துவிட்டது. மூன்றாம் தடவை போய்ச் சேர்ந்தது. எங்கள் மகள் அச்சை இழுத்தாள். அவள் பதினொரு வயதுக்காரி; தம்பி செய்தால் அவளும் செய்தாகவேண்டும். அரைமணி நேரம் அக்காளும் தம்பியும் சண்டை போடாமல் ஒரே வேலையைச் செய்தது எங்கள் குடும்ப சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. அரைமணி கழித்து எண்ணினால் பதினோரு இழை ஏறியிருந்தது. அதில் ஆறு கோணல் என்று அந்த அம்மாள் பிரித்து எடுத்துவிட்டார்.

"ஐந்துதானா!" என்றான் சின்னவன். விரலை வைத்து அளந்து பார்த்தான். அரிசி மணி அகலம்கூட இல்லை.

பிறகு அவன் ஒன்று கேட்டான். நான் கேட்கச் சொல்லவில்லை. "ஒரு சாண் நெய்ய எவ்வளவு நேரம் ஆகும் பெரியம்மா?"

"மெல்லிசுப் பாயிலேயா? ரெண்டு பேர் உக்காந்தா ரெண்டு நாள், மூணு நாள் ஆகும். அதுலே எழுத்து வந்தா இன்னும் ஆகும்."

அவன் கையை விரித்துச் சாண் அளவைப் பார்த்தான். அப்புறம் ஆச்சியைப் பார்த்தான். அத்தை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்து என்று வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த அம்மாளின் மகள் திருநெல்வேலியில் பி.காம். படிக்கிறாள், அன்று விடுமுறையாதலால் வீட்டில் இருந்தாள். கல்யாணப் பாய்களுக்கு மாப்பிள்ளை, பெண் பெயர்களைக் கட்டம் போட்ட தாளில் எழுதி, எந்தக் கட்டத்தில் சிவப்பு, எந்தக் கட்டத்தில் வெள்ளை என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. எங்கள் பாயைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன எழுத்து? தும்பிக்கை மாதிரி மேலே தூக்கிக்கிட்டு நிக்குதே!" என்றாள். என் மாமனார் பெயர் "லை" என்று முடியும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்னால், "லை"க்கும் "ளை"க்கும் முன்னால் கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலேயே ஒரு சுழி உண்டு. பாயிலே அந்தப் பழைய "லை" யானைத் தும்பிக்கையோடு கம்பீரமாக நின்றது.

"எங்க காலத்து லை அது" என்றார் அத்தை. "அவுக கையெழுத்துப் போடுதப்பவும் கடைசி வரைக்கும் அப்படித்தான் போட்டாக. பாங்கியிலே கூட மாத்தலை." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் உடனே கைப்பேசியை எடுத்து அந்த எழுத்தைப் படம் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அம்மாவுக்கு எழுத்தே தெரியாது" என்றார் நெய்கிற அம்மாள். "தாளைப் பார்த்துப் பூ மாதிரி எண்ணி எண்ணி நெய்வா. முடிச்சப்புறம் என்ன எழுதியிருக்குன்னு எங்ககிட்டேதான் கேப்பா."

நம் தொடர்கதை ஆசிரியர்களாக இருந்தால், அத்தையின் பாயை நெய்ததே அந்தத் தாயார்தான் என்று ஒரு திருப்பம் வைத்து இந்த வாரத்தை முடித்திருப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. யார் நெய்ததென்று அவருக்குத் தெரியவில்லை. "கை நல்ல கை" என்று மட்டும் சொன்னார்.

லுஹர் பாங்கு கேட்டது. அந்த அம்மாள் தொழுதுவிட்டு வரும் வரையில் நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மகள் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திரும்பி வந்ததும் அவர் விஷயத்துக்கு வந்தார். வெட்டுப்பட்ட பாயைத் தறியில் ஏற்றி மறுபடி நெய்ய முடியாது. வழி இரண்டுதான். ஒன்று, ஓட்டை இருக்கும் ஓரத்தைக் குறுக்கே ஒரே நேராக அறுத்து எடுத்துவிட்டு, புதிதாகத் துணிக் கரை தைத்துவிடலாம். பாய் ஒரு சாண் குட்டையாகிவிடும். ஆனால் வெட்டின அடையாளமே தெரியாது. வருஷம் மட்டும் போய்விடும். இன்னொன்று, வெட்டின துண்டையே திரும்ப அந்த இடத்தில் வைத்து, பின்னால் துணி கொடுத்துத் தைப்பது. துண்டு பொருந்தும், எண் முழுசாகும், ஆனால் சுற்றிலும் தையல் தெரியும். "தழும்பு மாதிரி தெரியும். மறைக்க முடியாது. பார்த்துக்கிடுங்க" என்றார்.

நான் முதல் வழியைத்தான் நினைத்தேன். பெயர்கள் இருக்கின்றன, பாய் பார்வையாக இருக்கும், குழந்தை செய்த தப்பு கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்காது. இவரும் அதையே சொன்னார். அத்தை எங்கள் இரண்டு பேரையும் கேட்கவில்லை.

"துண்டு எங்கே?" என்றார்.

துண்டு எங்களிடம் இல்லை! பாயை எடுத்து வந்தோமே தவிர, கூரை இன்னும் குடிசையின் மேல்தான் இருக்கிறது என்று நான் விழித்தேன். அப்போது சின்னவன் தன் கால்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தான். ராத்திரியே குடிசையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறான். நாலாக மடித்திருந்தும் அது முறியவில்லை. பசை மட்டும் ஓர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அந்த அம்மாள் ஈரத் துணியால் துடைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தார். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொண்டான்.

தைத்துக்கொண்டிருக்கும்போது பேச்சு கூலிக்குப் போயிற்று. ஒரு பட்டுப் பாய்க்கு, கோரை வகிர்வதிலிருந்து கரை தைப்பது வரையில் எத்தனை நாள் ஆகிறது, கையில் என்ன நிற்கிறது என்று கணக்குச் சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுத எனக்குக் கூச்சமாயிருக்கிறது. காலையில் கடையில், இன்னொரு பாய்க்கு நானே விலை கேட்டு, "இவ்வளவா?" என்று வாயைத் திறந்திருந்தேன். பேரம் பேசாத குடும்பத் தலைவி உண்டா? ஆனால் பேரம் பேசுவதற்கும் இடம் உண்டல்லவா? ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் மெத்தைக்கு, அச்சடித்த விலையை வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம். கையால் நெய்த பாயிடம் வந்துதான் நம் சாமர்த்தியம் எல்லாம் வெளிப்படுகிறது.

"இவள் தறியில் உட்காருவாளா?" என்று அந்த மகளைக் காட்டிக் கேட்டேன். பத்திரிகைக்காரர்கள் எங்கே போனாலும் கேட்கிற கேள்விதான். இந்தக் கலை அழியக்கூடாதே என்ற கவலையை முகத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மாள் ஊசியை நிறுத்தினார். "எனக்கு இடுப்பும் முழங்காலும் போச்சு. அவளும் அப்படி ஆகணுமா?" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், என் மகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "நீங்க உங்க மகளை இதுலே உக்கார வைப்பீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. என் மகளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளையாக பி.காம். பெண்ணே பேச்சை எடுத்துக்கொண்டாள். தறியில் உட்காரமாட்டாளாம், ஆனால் கைப்பேசியில் படம் போட்டு வெளியூர்க் கல்யாணங்களுக்குப் பாய் ஆர்டர் பிடிக்கிறாளாம். நடுவில் கடை இல்லாவிட்டால் கையில் நிற்பது கொஞ்சம் கூடும் என்று விவரமாகக் கணக்குச் சொன்னாள். கணக்குப் படிப்பு வீண் போகவில்லை!

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி இயந்திரத்தில் நெய்த பாய்களும் விற்பனைக்கு வருகின்றன. வாங்கப் போகிற சகோதரிகளுக்கு அந்த அம்மாள் சொன்ன சில யோசனைகள்: பாவு நூல் பருத்தியா, பிளாஸ்டிக் இழையா என்று ஓரத்தில் பிரித்துப் பாருங்கள். கையை மேலே ஓட்டிப் பாருங்கள். உயர்ந்த ரகம் எங்கேயும் பிடிக்காது. கொண்டுவந்த பிறகு தண்ணீரில் முக்கித் துவைக்கவேண்டாம். ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவிட்டால் போதும். மடித்து வைப்பதைவிடச் சுருட்டி வைப்பது நல்லது. முக்கியமாக, பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் அடிக்கடி விரித்துப் படுக்கவேண்டுமாம். "மனுசன் படுக்கப் படுக்கத்தான் பாய்க்கு மினுக்கம் ஏறும்." இதைச் சொல்லும்போது அவர் அத்தையை ஏன் பார்த்தாரோ தெரியாது.

தையல் முடிந்தது. சொன்னது போலவே தழும்பு தெரிந்தது. "1974" மறுபடி முழுசாக நின்றது. ஆனால் "7"-ஐச் சுற்றிச் சின்னச் சின்ன தையல்கள். அத்தை பையிலிருந்து பணத்தை எடுத்தார். அந்த அம்மாள் வாங்கவில்லை. "நெய்ததுக்குத்தான் கூலி. தைச்சதுக்கு என்ன கூலி?" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். கடைசியில் அத்தை ஒரு காரியம் செய்தார். "பேத்தி கல்யாணத்துக்கு இப்பவே ஒரு பாய் சொல்லி வச்சிருதேன். முன்பணமா வச்சுக்கிடுங்க" என்று பணத்தை அந்த அம்மாளின் கையில் வைத்து மூடிவிட்டார். பேத்திக்குப் பதினொரு வயதுதான் ஆகிறது என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பேத்தி மட்டும், "மாப்பிள்ளை பெயருக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கத்தைக் காலியா விட்டு வைப்போம்" என்றாள் பி.காம். பெண்.

அங்கிருந்து சேரன்மகாதேவி பக்கமாகப் போய், கன்னடியன் கால்வாய்க் கரையில், ஒரு மருத மர நிழலில் கட்டுச்சோறு. புளியோதரை, தயிர்ச் சாதம், தேங்காய்த் துவையல். கால்வாயில் தண்ணீர் கண்ணாடி போல ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன் படியில் இறங்கி நின்று, "இதுலேதான் கோரையை ஊறப் போடுவாங்களா?" என்று உள்ளே தேடினான். ஓடுகிற தண்ணீரில் கையை வைத்து ரொம்ப நேரம் நின்றான். நானும் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் இழுக்கும்போது விரல்களுக்குள் என்னவோ செய்கிறது. கோரைக்கும் அப்படித்தான் இருக்கும் போலும்.

மகள் பங்குக்கு ஒன்று பாக்கி இருந்தது. நவராத்திரிக் கொலுவுக்கு அம்பாசமுத்திரம் சொப்பு வேண்டுமாம். வந்தது வந்தோம் என்று அங்கேயும் போனோம். மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு உளியைக் காட்டினால், கண்ணெதிரே ஒரு குட்டிக் குடம் பிறக்கிறது. சுழலும்போதே அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்தினால், சூட்டில் அரக்கு இளகிச் சிவப்பு ஏறிவிடுகிறது. அம்மி, உரல், திருகை, அடுப்பு என்று ஒரு முழுச் சமையலறையே ஒரு பிடி ஓலைக் கொட்டானுக்குள் அடங்கிவிட்டது. இன்றைக்கு நம் வீடுகளில் இல்லாத சாமான்களெல்லாம் அதில் இருக்கின்றன. இதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். இன்னொரு வாரம் பார்க்கலாம். இந்தத் தடவை விலை கேட்டுவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை. இவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

வீடு திரும்பியபோது விளக்கு வைத்தாயிற்று. அத்தை கால் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் பாயை விரித்தார். பெட்டியில் வைக்கத்தான் துடைக்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, "ஏலே, இங்கே வா. உன் குடிசையை எடுத்துக்கிட்டு வா" என்று பேரனைக் கூப்பிட்டார்.

கூரையில்லாத குடிசை வந்தது. பத்தமடையில் கிளம்பும்போது அந்த அம்மாள் இவன் கையில் ஒரு பிடி கழித்த கோரையைச் சுருட்டிக் கொடுத்திருந்தார், அதுவும் வந்தது. ஆச்சியும் பேரனும் பாயின் மேல் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கோரையை அளவாக நறுக்கி, நூலால் கட்டிக் கட்டிக் கூரை வேய்ந்தார்கள். ராத்திரி பத்து மணி ஆயிற்று. நான் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டேன். அத்தைக்கு அன்று நல்ல பசி. ஆனால் வேலை முடியட்டும் என்றார்.

கூரை முடிந்ததும் சின்னவன் தள்ளி நின்று பார்த்தான். "முன்னே இருந்தது மாதிரி இல்லை" என்றான்.

"இல்லைதான்" என்றார் அத்தை. பிறகு மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, அவனுடைய சிவப்புப் பென்சிலை வாங்கி, வாசல் நிலைக்கு மேலே தாமே எழுதினார்: 74.